சாமி இல்லாத வியாதி

மாசி மாதக் கடைசியில் எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வருகை குறைந்ததால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாதவர்களின் பட்டியல் அது. என் பெயர் அதில் இருந்தது. அதே பெயரில் வேறு யாராவது படிக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். முதலெழுத்தும் என்னுடையதுதான்.

எம்.ஏ. பொருளாதாரம், முதல் வருடம். தேர்வு எழுதாவிட்டால் அந்த வருடத்தை முழுவதும் திரும்பப் படிக்க வேண்டும். கட்டணத்தையும் திரும்பக் கட்ட வேண்டும். என் மாமனார் என்னைப் படிக்க அனுப்பியபோது, "ரெண்டு வருஷம். மூணாவது வருஷம்னு ஒண்ணு கிடையாது" என்று சொல்லியிருந்தார். அவர் கோபக்காரர் அல்ல. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான்.

துறை அலுவலகத்தில் எழுத்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட் பார்த்துட்டீங்களாம்மா?"

"பார்த்தேன் சார். குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. ஊர்ல பஸ்ஸும் ஓடலை."

"குழந்தை இங்க படிக்குதா?"

"இல்ல சார்."

"அப்ப அதுக்கு வந்த அம்மையை நான் எங்க எழுதறது? உங்களுக்கு என்ன வந்தது, அதைச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் வரலையே சார்."

"டாக்டர்கிட்ட போனீங்கன்னா வரும்" என்றார். வெளி டாக்டரிடம் மருத்துவச் சர்டிபிகேட் வாங்கி, அதில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தின் டாக்டரிடம் கையெழுத்தும் பெற்று, அபராதமும் கட்டினால் ஹால் டிக்கெட் கிடைக்கும் என்று விளக்கினார். அவருக்கு இது வருடா வருடம் நடக்கிற காரியம். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

நான் சேர்ந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். எங்கள் ஊர் நன்னிலத்துக்குப் பக்கத்தில். மாயவரத்தில் வண்டி மாறித்தான் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். நேர்முகத்துக்குப் போன அன்று என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே ஒரு பேராசிரியர், "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்று கேட்டார். "மாமியார்" என்றேன். அவர் தலையாட்டிய அதே நேரத்தில் வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. என் குழந்தைதான். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இடம் கிடைத்திருக்காது என்று அன்று நினைத்தேன். பார்த்திருக்கலாமோ என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

புகுமுக வகுப்பு வரை சம்பளம் இல்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகு எங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பெண்கள் மேலே படிக்க வந்தார்கள். அதற்கு மேலும் கட்டணம் ஒன்றும் பெரிதாக இல்லை. பெரிதாக இருந்தவை மற்றவை: நூலகத்துக்கு வைப்புத் தொகை, விடுதிக்குத் தனியாக ஒரு தொகை, மெஸ்ஸுக்கு முன்பணம், வாளி, பூட்டு, மெத்தை. போதாக்குறைக்கு முதல் தவணை கட்ட வேண்டியது ஆற்றில் தண்ணீர் வரும் நேரம். வீட்டில் இருக்கிற காசெல்லாம் விதைக்கும் ஏருக்கும் போகும். இரண்டாம் தவணை மார்கழியில், அறுப்புக்கு முன். "உங்க பல்கலைக்கழகத்துல விவசாயம் பண்றவன் ஒருத்தன்கூட இல்லையா?" என்று மாமனார் கேட்டார். ஆனாலும் இரண்டு தவணையையும் தேதிக்குள் கட்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி ஊருக்குப் போவேன். திங்கட்கிழமை விடிகாலை வண்டியில் திரும்புவேன். அந்த இடைவெளியில் குழந்தைக்குப் பால் கொடுப்பேன். மற்ற நாட்களில் பசும்பாலும் கஞ்சியும் மாமியார் பொறுப்பு.

பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தபோதுதான் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் முதுகில் முத்து முத்தாகத் தெரிந்தது. மாமியார் பார்த்ததுமே அடுப்பிலிருந்த வாணலியை இறக்கி வைத்துவிட்டார். தாளிப்பு நின்றது. வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வீட்டைவிட்டு வெளியூர் போகக்கூடாது, வெளியார் உள்ளே வரக்கூடாது.

அந்த வருடம் அறுப்புக் கூலிச் சண்டை எங்கள் வட்டாரம் முழுவதும் நடந்துகொண்டிருந்தது. கூலியை ஏற்றிக் கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கப் பார்த்தார்கள் பெரிய நிலக்காரர்கள். அதைத் தடுக்கத் தொழிலாளர்கள் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது. போலீஸ் வந்தது. எங்களுக்கு இருந்தது கொஞ்சம் சொந்த நிலமும் கோயில் குத்தகையும். பெரிய நிலக்காரர்களின் கூட்டத்துக்கும் மாமனாரைக் கூப்பிட்டார்கள். தொழிலாளர்களும் அவரிடம் பேச வந்தார்கள். அம்மை வீடு என்பதால் அவரால் எதற்கும் போக முடியவில்லை.

தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் வந்த அன்று வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கமே நின்றுவிட்டார்கள். மாமனார் எங்கள் வாசல் நிலையில் நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடிவைச் சொல்லுங்க. மத்தவங்க சொல்லட்டும்னு எத்தனை நாளு பார்ப்பீங்க?" என்றார் அவர்களில் முன்னால் நின்றவர். போன வருடம்வரை அவர் எங்கள் களத்தில் கதிர்க்கட்டைத் தலையடி அடித்தவர்.

"மெதுவா பேசுப்பா. உள்ள ஆத்தா இருக்கா."

"மெதுவா பேசினா அங்கேருந்து காது கேக்குமா உங்களுக்கு?"

"அப்ப தண்ணி ஊத்தினப்பறம் வாங்க. உக்காந்து பேசலாம்."

"வர்றோம். அதுவரைக்கும் நெல்லு நிக்கும்."

"எங்க நிக்கும், கொட்டிடும்."

"உங்களுக்குக் கொட்டும். எங்களுக்கு இருந்தாத்தானே கொட்டறதுக்கு" என்றார் அவர். கூட்டம் கலைந்த பிறகு அவர்களோடு வந்திருந்த ஒரு பெண் மட்டும் நின்று, "பாப்பாவுக்கு முத்து இறங்கிடுச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். இறங்குகிறது என்றேன்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு இரு தரப்பும் பேசி, கேட்டதற்கும் கொடுத்துக்கொண்டிருந்ததற்கும் நடுவில் ஒரு கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள். நெல் கொஞ்சம் கொட்டித்தான் போயிருந்தது. நான் விடுதிக்குத் திரும்பினேன். முன்னறிவிப்பு கொடுக்காமல் போனதால், சாப்பிடாத நாட்களுக்கும் மெஸ் பில் வந்திருந்தது. வகுப்பில் நில உச்சவரம்பும் குத்தகைச் சட்டமும் நான் இல்லாத நாட்களில் நடத்தி முடித்திருந்தார்கள்.

பட்டியல் ஒட்டிய வாரம் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மாமனாரிடம் அல்ல, கணவரிடமும் மாமியாரிடமும்.

கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர். விண்ணப்பங்களோடு பழகியவர். "இதுல என்ன இருக்கு? அம்மை உனக்குப் போட்டதுன்னு எழுதி வாங்கிடலாம். வீடும் நிஜம், தேதியும் நிஜம். ஆளு மட்டும்தான் வேற" என்றார்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "ஆத்தா வராத உடம்புக்கு வந்தான்னு எழுதுவியா? இப்பத்தான் குழந்தையை விட்டு இறங்கிப் போயிருக்கா. கூப்பிட்டு அனுப்பற மாதிரி ஆயிடும்டா."

"சரிம்மா, வேண்டாம். டைபாய்டு?"

"அதுக்கு சாமி இருக்கா?"

"டைபாய்டுக்கு ஏதும்மா சாமி?"

மாமியார் யோசித்தார். "காமாலைக்கும் கிடையாது. எது வேணுமோ எழுதிக்கோ."

எனக்கு எதையுமே எழுத இஷ்டமில்லை. அதைச் சொல்லவும் இல்லை. என் ஒருத்தியின் இஷ்டத்துக்காக ஒரு வருடக் கட்டணம் என்று சொல்ல முடியாது அல்லவா. கணவர் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "டைபாய்டுன்னா முடி கொட்டியிருக்கணும். இவங்களுக்கு நல்லா இருக்கு. காமாலையே போட்டுடறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே அத்தை."

"எழுதியாச்சுல்ல. எதுக்கும் குடிச்சுடு."

குடித்தேன்.

மருத்துவ நிலையத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். பாதிப் பேர் அந்தந்தத் துறைப் பட்டியல்களில் இருந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் தாவரவியல் படிக்கும் பெண் ஒருத்தி.

"அக்கா, உங்களுக்கு என்ன?"

"காமாலை."

"எனக்கும் அதான். எந்த மாசம்?"

"தை."

"நான் மார்கழி" என்றாள், நிம்மதியாக.

டாக்டர் வயதான பெண்மணி. சர்டிபிகேட்டைப் படித்துவிட்டு அதைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"காமாலை இருந்தப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"மோர் சாதம். எண்ணெய், தாளிப்பு எதுவும் இல்லாம." இது பொய் இல்லை.

"நல்லது. குழந்தை இருக்கா?"

"ஒண்ணு. ஒண்ணேகால் வயசு."

"பால் குடுக்கறீங்களா?"

"ஊருக்குப் போறப்ப குடுப்பேன்."

"காமாலையோட வீட்ல இருந்தீங்களே, அப்பவும் குடுத்தீங்களா?"

நான் படித்து வைத்திருந்த கேள்விகளில் இது இல்லை. ஆமாம் என்று வாய் சொல்லிவிட்டது. அவர் பேனாவை மூடினார்.

"அப்ப குழந்தையையும் பார்க்கணும். நாளைக்கு அவங்கப்பாகிட்ட தூக்கிட்டு வரச் சொல்லுங்க. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணினப்பறம்தான் நான் இதுல கையெழுத்துப் போட முடியும்."

பக்கு உதிர்ந்த தழும்புகள் என் மகளின் கையில் இன்னும் சிவப்பாக இருந்தன. வரவழைத்துவிடலாம், டெஸ்ட்டில் ஒன்றும் இருக்காது, கையெழுத்து கிடைத்துவிடும். ஒரு ஊசிதானே என்று நினைத்துப் பார்த்தேன். எனக்கு வராத நோய்க்கு அவள் கையில் ஊசி. அதை நினைத்தபடியே அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

"டாக்டர், எனக்குக் காமாலை வரலை."

பெஞ்சில் பேச்சு நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல், "அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க" என்றார்.

சாத்திவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மை, மரம் வெட்டிப் போட்ட சாலை, எழுத்தர், மாமியார். டைபாய்டுக்குச் சாமி இருக்கிறதா என்று மாமியார் கேட்டதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை; மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குழந்தைக்கு அம்மைன்னு நான் எழுதினா இங்க செல்லாது. தெரியும்ல?"

"தெரியும் டாக்டர்." எழுந்து போகலாமா, சொல்லும்வரை இருக்க வேண்டுமா என்று தெரியாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இப்படி வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். ஜன்னலருகே நிற்கவைத்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகங்களை அழுத்தி விட்டுப் பார்த்தார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எல்லாருக்கும் வாங்குமே டாக்டர்."

"எல்லாருக்கும் வாங்காது. பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா?"

போயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் அதை நினைத்ததில்லை. ஊசி என் கையில்தான் ஏறியது. சாயங்காலம் திரும்ப வரச் சொன்னார். போனபோது முடிவு வந்திருந்தது.

"உங்களுக்கு ரத்தசோகை. நல்லாவே இருக்கு. தையிலயும் இருந்திருக்கும், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. அதை மட்டும் எழுதறேன்." பழைய சர்டிபிகேட்டை என் கையில் கொடுத்தார். "இதைக் கிழிச்சுடுங்க. இன்னொண்ணு. பரீட்சை முடியறவரைக்கும் வாராவாரம் ரயில் ஏறக்கூடாது. விடியக்காலையில எழுந்து ஓடறது, அங்க போய்ப் பால் குடுக்கறது, ரெண்டும் வேண்டாம். மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்குங்க. சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து."

சரி என்றேன்.

எழுத்தர் தாளை வாங்கிப் படித்து, "ரத்தசோகையா? இந்த வருஷம் உங்க ஒருத்தருக்குத்தான்" என்று சொல்லி, அபராதச் சலானைக் கிழித்துக் கொடுத்தார். ஹால் டிக்கெட் வந்தது. ரத்தசோகையால் நான் ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. அது எனக்கு இருந்தது உண்மை. நான் வராததற்கு அது காரணமில்லை. இந்த இரண்டையும் சேர்த்து என்னவென்று சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தார். என் கடிதத்தில் விஷயத்தைத் தெரிந்துகொண்டு மாமியார் கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரைப் பொரியல் தூக்கில் இருந்தது. "நிஜமாவே இருக்கான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க" என்றார். இருக்கிறது என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தையை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. கூட்டி வந்திருந்தால் பால் கொடுத்திருப்பேன்.

சித்திரையில் தேர்வு முடிந்தது. நன்றாகவே எழுதியிருந்தேன். கடைசித் தாள் முடிந்த அன்று மத்தியான வண்டியைப் பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். குழந்தை மாமியாரின் மடியில் டம்ளரிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இறங்கி ஓடிவந்து புடவையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைத் தூக்கி வழக்கமான மூலையில் உட்கார்ந்து மாராப்பை ஒதுக்கினேன். அவள் என் கழுத்துச் சங்கிலியை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள், விட்டாள், மடியிலிருந்து நழுவி இறங்கினாள்.

"தானாத்தான் பால் மறந்துட்டா. நான் ஒண்ணும் சொல்லிப் பயங்காட்டலை" என்றார் மாமியார், நான் கேட்காமலே.

"சரி அத்தை."

"உனக்கும் உடம்பு தேறணும்ல."

"ஆமாம் அத்தை."

குழந்தை மீதிக் கஞ்சியைக் குடிக்க டம்ளர் இருந்த இடத்துக்குப் போனாள். நான் மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து, டம்ளர் கவிழ்ந்துவிடாமல் அடியில் பிடித்துக்கொண்டேன்.