என் வீட்டுக்காரரின் முதல் பாராட்டு

என் வீட்டுக்காரர் வாய் திறந்து யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில், ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ‘சூடா இருக்குது’ என்றார். அதோடு கேட்பதையே விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட மனிதர், போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவரை மனதாரப் பாராட்டினார். பாராட்டாமலே இருந்திருக்கலாம்...

பாராட்டு வாங்கியவர் சரளா (பெயரை மாற்றியிருக்கிறேன்). ஏனாத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டை மாதம் ஒருமுறை வந்து சுத்தம் செய்து தருபவர். அவர் கணவர் காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறார். ஒருவர் வருமானம் போதவில்லை என்று சரளா ஆரம்பித்த தொழில் இது. முதலீடு? இரண்டு பக்கெட், ஒரு மாப், சில பிரஷ்கள், யாரோ வேண்டாம் என்று கொடுத்த வாக்குவம் கிளீனர். விளம்பரம் கிடையாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கூட வைக்கமாட்டார். ஒரு வீடு சொல்லி இன்னொரு வீடு, அவ்வளவுதான்.

நல்ல புடவை, தோளில் ஹேண்ட்பேக் என்று ஆபீஸ் போகிறவர் மாதிரி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். எங்கள் வீட்டுக்கு வந்துதான் பழைய சுடிதாருக்கு மாறுவார். வேலை முடிந்ததும் மறுபடி அதே புடவை. வாலாஜாபாத், ஐயம்பேட்டை என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். காஞ்சிபுரத்துக்குள் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் போகமாட்டார்.

ஏன் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன்.

“வீட்ல நான் ஏதோ கம்பெனிக்குப் போறதா நெனச்சிக்கினு இருக்காங்கக்கா. அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்ப சொன்னா, கண்டவங்க வீட்டு கக்கூஸைக் கழுவுறான்னுவாங்க. அஞ்சு பேரை வேலைக்கு வெச்சு, போர்டு மாட்டிட்டு நானே சொல்லிக்கிறேன். அப்போ ஓனரம்மான்னுவாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

யோசித்துப் பாருங்கள்... தப்பா சொன்னார்? நம் ஊரில் பிரஷ்ஷைக் கையில் பிடித்தால் ஒரு மரியாதை. பிடிக்கிறவருக்குச் சம்பளம் கொடுத்தால் வேறு மரியாதை. ஐயம்பேட்டைப் பெண் ஒருத்தி ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இன்னும் நாலு பேர்தான் பாக்கி.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி! ஆனால் இதை மட்டும் காப்பாற்றினேன். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

கல்யாணப் பந்தியில் எங்களுக்கு நேர் எதிர் வரிசையில் சரளா. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் நாத்தனார். என்னைப் பார்த்ததும், ‘தெரிந்த மாதிரி காட்டிக்காதீங்க’ என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். எனக்குப் புரிந்தது. குனிந்து என் இலையைப் பார்த்தேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தெரியும்?

“ஏம்மா, எங்க வீட்டு பாத்ரூமை நீங்க கழுவிட்டுப் போனா, அந்தச் சுத்தம் பெரிய ஓட்டல்லகூட இல்லம்மா. டவுன்லயும் நாலு வீடு பிடிங்க. நானே சொல்லிவிடறேன்” என்றார் சத்தமாக.

தொடையில் கிள்ளினேன். இன்னும் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சாம்பார் சாதத்துக்கு நடுவே கமோடைப் பற்றியும் விவரமாகச் சொன்னார்.

மாமியார் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். எந்த வீடு என்று மருமகளைக் கேட்டார்.

“ஏனாத்தூர்ல அத்தை. இவங்க வீடுதான். இன்னும் நெறைய வீடு இருக்குது” என்றார் சரளா. குரல் நடுங்கவில்லை. நாத்தனார் மட்டும் தன் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார்.

அதுதான் என்னை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை வாய் என்று பெயரெடுத்தவள் ஒரே ஒருமுறை வாயை மூடினேன். வாயே திறக்காதவர் ஒரே ஒருமுறை திறந்தார். இரண்டுமே நல்ல எண்ணம்தான். நடுவில் மாட்டிக்கொண்டது சரளாவின் தொழில்.

புதன்கிழமை போன் செய்தேன். அவர் கணவர் எடுத்தார். வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி வேலையை நிறுத்திவிட்டார்களாம். பக்கெட், மாப், வாக்குவம் கிளீனர் எல்லாவற்றையும் ஐயம்பேட்டைப் பெண்ணுக்கே கொடுத்தாயிற்றாம். சரளாவிடம் பேச வேண்டும் என்றேன்.

“அது இப்ப பேசுற மாதிரி இல்லம்மா. ஆனா உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. சார் அப்படிச் சொன்னது அதுக்கு நல்லா இருந்துதாம். யாரும் இதுவரைக்கும் சொன்னதில்லன்னுச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நேற்று எங்கள் வீட்டு பாத்ரூமை வீட்டுக்காரரே தேய்த்துக் கழுவினார். ஊரில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

‘ஈரமா இருக்குது’ என்றேன்.