பீக்கன் போட்ட பிஸ்கட்

மகள் அனுப்பியிருந்த குரல் செய்தியை அடுப்படியில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்கத்தான் குழப்பம் கூடியது.

"அம்மா, ஒண்ணு திங்கணும் போலயே இருக்கு. பெங்களூர் ஆபீஸ்ல ஒரு பிள்ள வீட்டுல சுட்டுக் கொண்டு வருவா. சாக்லேட் குக்கி. கேரமில், பீக்கன் எல்லாம் போட்டது. கடையில வாங்காத, நீ செஞ்சு கொண்டா. இங்கன அத்தைட்ட கேக்கக் கூச்சமா இருக்கு. திருப்பிப் போன் பண்ணாத, அவிய பக்கத்துலதான் இருக்காவ."

அவ்வளவும் ரகசியக் குரல். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம் வேறு.

மகள் கழுகுமலையில் மாமியார் வீட்டில் இருந்தாள். பிள்ளை உண்டாகியிருந்ததால் டாக்டரம்மா தூரப் பயணம் கூடாது என்றுவிட்டார். பெங்களூருக்குத் திரும்பாமல் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை பார்த்தாள். வளைகாப்பன்று நாங்கள் கட்டுச்சோறு கொண்டுபோய், சடங்கு முடித்து, அவளைக் கோவில்பட்டிக்குக் கூட்டி வரவேண்டும். அதற்கு இன்னும் ஒரு மாதம் போல இருந்தது. அதற்கு முன்னால் நான் ஒரு தூக்குவாளியோடு போய் நின்றால், 'ஏன், நாங்க வாங்கிக் குடுக்க மாட்டோமா' என்று சம்பந்தியம்மா நினைக்கலாம். நினைக்காமலும் இருக்கலாம். எனக்கு எப்போதும் நினைப்பார்கள் என்றுதான் தோன்றும்.

மசக்கைக்காரி ஆசைப்பட்டதைத் தின்னாமல் விட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். என் தங்கை கொடுக்காப்புளிக்கு ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போய், அவள் மகனுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் காதில் பஞ்சு இருந்தது. நம்புகிறாயா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நம்பாமல் இருக்கப் பயம்.

செய்தியில் எனக்கு விளங்கியது சாக்லேட் மட்டும்தான். குக்கி என்றால் பிஸ்கட் மாதிரி ஏதோ என்று எட்டியது. 'கேரமில்' என்றதை 'காரமில்ல' என்று கேட்டேன். இனிப்புப் பண்டத்தில் காரமில்லை என்று ஏன் தனியாகச் சொல்கிறாள்? நெஞ்செரிச்சல் இருக்குமோ? மாமியார் வீட்டில் காரம் தூக்கலாக இருந்து சொல்ல முடியாமல் ஜாடையாகச் சொல்கிறாளோ? இதை நினைத்தே ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பீக்கனில் சந்தேகமே வரவில்லை. நாங்கள் பீர்க்கங்காயைப் பீக்கங்காய் என்றுதான் சொல்வோம். காயைப் பிஸ்கட்டில் போட முடியாது, ஆகவே விதையாக இருக்கும். பூசணி விதை தின்கிறார்களே, அது போல.

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். மகளிடம் 'அப்படின்னா என்ன?' என்று கேட்டுக் கேட்டே அவளைப் படிக்க வைத்தேன். இதையாவது கேட்காமல் செய்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு.

பஜாரில் விதைக்கடைக்குப் போனேன். பருத்தி விதையும் உளுந்து விதையும் வாங்க வந்த சம்சாரிகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, பீக்கன் வெத இருக்கா?"

"இருக்கு யக்கா. எம்புட்டு எடத்துக்கு?"

"எடத்துக்கு இல்ல. ஒரு டப்பாவுக்கு வரணும்."

"மாடியில டப்பால போடுதீயளா? பந்தலுக்கு ஏத்தணுமே."

"ஏத்த வேண்டாம் அண்ணாச்சி. திங்குறதுக்கு."

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "யாரு திங்குறதுக்கு?"

"எம் மவ. மாசமா இருக்கா."

"யக்கா, கும்புட்டுக்கிடுதேன். இது மருந்து கலந்த வெத. செவப்பா சாயம் ஏறியிருக்கு பாத்தீயளா? ஒரு பேச்சுச் சொல்லாம வாங்கிட்டுப் போயிருந்தா நாளைக்குப் போலீஸ்காரன்லா எங்கடையில வந்து நிப்பான்!"

பக்கத்தில் நின்ற சம்சாரி, "அண்ணாச்சி, இனி வெத கேட்டு வாறவுகள்ட்ட வெதைக்கவா, திங்கவான்னு கேட்டுக் குடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேட்காமல் கொடுத்திருந்தால் என்ற நினைப்போடு வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். எதற்கும் பதறாத மனுசர். அன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னதும் செல்போனை வாய்க்கிட்டே வைத்துப் "பீக்கன்" என்றார். திரை முழுக்கப் பீர்க்கங்காய்.

"பாத்தீயளா, நாஞ் சொன்னது சரிதான?"

"ஏளா, பொறு. சாக்லேட்டையும் சேத்துக் கேப்போம்."

இப்போது வேறு படம் வந்தது. நீளவாக்கில், பழுப்பு நிறத்தில், மூளை மாதிரி சுருக்கம் விழுந்த ஒரு பருப்பு. வெளிநாட்டு மரத்தில் காய்ப்பதாம். கேரமில்லும் கூடவே தெரிந்தது. சீனியைக் கருகவிட்டு, வெண்ணெயும் பாலாடையும் ஊற்றி இறக்குகிற பாகு.

"பாகுதான, இதுக்கா ரெண்டு நாளா பட்டினி கெடந்த?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து கல்யாணம் வரைக்கும் கடலை மிட்டாய்ப் பட்டறையில் வேலை பார்த்தவளுக்குப் பாகு ஒரு விஷயமா?

பருப்புதான் கிடைக்கவில்லை. பெரிய மளிகைக்கடையில் அக்ரூட்டைக் காட்டி, "இதுவும் அதும் அண்ணன் தம்பி" என்றார்கள். அக்ரூட் சூடு என்றாள் எதிர்வீட்டுக்காரி. சூடு இல்லை, வாய்வு என்றாள் அவள் நாத்தனார். கடைசியில் நிலக்கடலை வாங்கினேன். அது பித்தம் என்று யாரும் சொல்வதற்குள் வறுத்துத் தோல் நீக்கிவிட்டேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள், கட்டுச்சோற்றுக்குப் புளி கரைத்து வைத்துவிட்டுப் பிஸ்கட்டில் இறங்கினேன். கேக், பிஸ்கட் சுடுகிற 'ஓவன்' அடுப்பு எங்களிடம் இல்லை. குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, உள்ளே தட்டு வைத்துச் சுடலாம் என்று செல்போனில் ஒரு பெண் காட்டினாள். விசில் இல்லாத குக்கர் வெடிக்காது என்று வீட்டுக்காரர் எவ்வளவு சொல்லியும் கேளாமல் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். மைதா, வெண்ணெய், சாக்லேட் பொடி, நாட்டுச்சர்க்கரை எல்லாம் சேர்ந்து வெந்த வாசனை தெரு வரைக்கும் போனது. கதவிடுக்கில் நின்றபடியே அழுகை வந்தது. சந்தோஷமா, பயமா, தெரியவில்லை.

அப்புறம் பாகு. அந்தப் பெண் இளக்கமாக, தேன் போல இறக்கச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சீனி பொங்கிக் குமிழி விட்டதும் கை அதன்பாட்டுக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தது, ஒரு சொட்டு விட்டது, எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டியது. சத்தம் வரவில்லை. பட்டறையில் சத்தம் வராத பாகை யாரும் இறக்கமாட்டோம். இன்னும் கொஞ்சம் காய்ச்சினேன். டங் என்று கேட்ட பிறகுதான் மனசு ஆறியது. கடலையைக் கொட்டிக் கிளறிப் பிஸ்கட்டுகளின் மேல் ஊற்றினேன். வெண்ணெயும் பாலாடையும் சேர்க்கவே இல்லை என்பது மறுநாள் பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது.

கழுகுமலையில் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி முடித்ததும் மகளைத் தனியாக அழைத்து டப்பாவைத் திறந்தேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அய்யே, மூடும்மா. சாக்லேட் வாடையே கொமட்டுது."

"நீதான ஏட்டி கேட்ட!"

"அது போன மாசம். இப்பம் மாங்கா ஊறுகாதான் எறங்குது."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. போன மாத ஆசை தானாக அழிந்துவிட்டதா? இல்லை, தீராமலே உள்ளே கிடக்கிறதா? இப்படி ஆனால் என்ன கணக்கு என்று யாரும் சொல்லித் தரவில்லையே.

"ஒரு வாய் தின்னுட்டி. பிள்ளைக்குக் காது."

"காதா?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடக்கென்றது. பல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, இது கேரமில்லா? கடல மிட்டாய பிஸ்கட்ல ஒட்டி வச்சிருக்க!"

அதற்குள் சம்பந்தியம்மா வந்துவிட்டார்கள். டப்பாவை மூடப் போனேன். ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள். "மதினி, நீங்களா செஞ்சீய? இவ எங்கிட்டக் கேட்டிருந்தா நானே கோவில்பட்டியில போயி மிட்டாய் வாங்கியாந்திருப்பேனே" என்று சொல்லி, ஓரத்துப் பல்லில் வைத்து நிதானமாக அரைத்துத் தின்றார்கள். அது பாராட்டா, குத்தலா என்று பஸ் ஏறும் வரைக்கும் யோசித்தேன். மகள் பிஸ்கட்டை விட்டுவிட்டு ஒட்டியிருந்த கடலையை மட்டும் பெயர்த்துத் தின்றாள்.

"போதுமா?" என்றாள்.

போதுமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேத்தி பிறந்தாள். ஒரு நாள் குளிப்பாட்டத் தூக்கினேன், காதோரம் ஈரமாக, வெள்ளையாக இருந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "பால்தான் வழிஞ்சிருக்கு. படுத்துக்கிட்டே குடுக்காதீங்க" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

போன வாரம் மருமகன் பெங்களூரிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். செல்போனில் பார்த்த அதே பருப்பு. மகள் பேத்திக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், டாக்டரம்மா சொன்னபடி நிமிர்ந்து உட்கார்ந்து. ஒன்றை எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினேன்.

"இப்பம் எதுக்கும்மா?"

"சும்மா. இப்பம் தின்னாலும் சேருமோ என்னமோ."

"எதுல சேரும்?"

பருப்பை அவள் உதட்டோரம் கொண்டுபோனேன். அவள் வாயைத் திறந்தாள். அவள் மென்று முடிக்கும்வரை நான் பேத்தியின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இந்தப் பக்கத்துக் காது. அந்தப் பக்கத்துக் காது மகள் மார்போடு சேர்ந்திருந்தது, தெரியவில்லை.