தப்பில்லை என்று சொன்னவர்

காலையில் ஒரு பிளம்பர் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். கேட்டைத் தாண்டியிருக்க மாட்டார், சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் போடு என்று போன் கேட்க ஆரம்பித்துவிட்டது. குறைத்துப் போட்டால் அவர் பிழைப்பு கெடுமாம். ஐந்தும் போட்டேன். ஒழுகின குழாய் ஒழுகவில்லை, அவ்வளவுதானே? அதற்கு 'பிரமாதம்' என்று வேறு அழுத்தச் சொல்கிறது. இதெல்லாம் எனக்கு அலுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் இருந்தால் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டிருக்க மாட்டார். "நல்லா இருக்கு" என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமாகிச் சிட்லபாக்கம் வந்த புதிதில், வேர்க்க விறுவிறுக்க வத்தக்குழம்பு வைத்து, பரிமாறிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தப்பில்ல," என்றார்.

அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினேன். நாத்தனார் பின்னாலேயே வந்தாள். "ஐயோ அண்ணி, எங்கண்ணன் தப்பில்லன்னா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தணும்னு அர்த்தம். போய் ஊத்துங்க!"

ஊற்றினேன். மனிதர் வேண்டாமென்று சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் பாஷை பழகிவிட்டது. தாம்பரம் ரயிலில் நசுங்கி, சட்டைப் பொத்தான் அறுந்து வீடு திரும்பினால், "கூட்டம் இல்லாம இல்ல." ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, அம்மா வீட்டிலிருந்த எனக்குப் போன் செய்து, "தண்ணி வரலன்னு சொல்ல முடியாது." அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தேன். புதுப்புடவை கட்டினால், "கண்ணை உறுத்தல." அதற்கு நான் வெட்கப்பட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. ஆட்டோவில் ஏற்றிக் குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே திருவிழாக் கூட்டம்.

"வலி எப்படி சார் இருக்கு?" என்று இளம் டாக்டர் தன்மையாகத்தான் கேட்டார்.

"பெருசா ஒண்ணுமில்ல."

"அப்போ கொஞ்சம் உக்காருங்க சார், கூப்பிடறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "டாக்டர், இந்த மனுஷன் ஒண்ணுமில்லன்னா உயிர் போற வலின்னு அர்த்தம்! மொதல்ல இவரப் பாருங்க!"

டாக்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே படுக்கவைத்தார். மாரடைப்புதான். பிழைத்துக்கொண்டார். மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இல்லாம இருந்திருந்தா சரியா இருந்திருக்காது," என்றார். அதைவிடப் பெரிய வார்த்தை அவர் எனக்குச் சொன்னதில்லை. வேறு யார் சொன்னாலும் எனக்கு அது போதாது.

அதற்கப்புறம் சில வருஷம் இருந்தார். போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை என்று ஊரே சொன்னது. எனக்குத்தான் ஆறவில்லை.

அவருடைய பேச்சு இப்போது என்னைத் தொற்றிக்கொண்டது. சில நாளாக மூட்டுவலி, படி இறங்க முடியவில்லை. பேச்சுக்கு ஆளில்லாமல் சாப்பாடும் இறங்கவில்லை. நேற்று பெங்களூரிலிருந்து மகன் கூப்பிட்டான்.

"எப்டிம்மா இருக்க?"

"முடியலன்னு இல்லப்பா."

"சூப்பர்மா! மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. ஹாஸ்டலிலேயே வளர்ந்தவன், அவனுக்கு எப்படித் தெரியும்? போனை வைத்தேன். நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருக்கும் பேப்பரைப் போட்டுவிட்டு, "என்ன ஆச்சு?" என்று எழுந்து வர இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.