பின்னலோடு முழுகிய நாட்கள்

போன சனிக்கிழமை என் மகளின் சிநேகிதி ஒருத்தி எங்கள் வீட்டில் தங்கினாள். ஹோடான் என்று பெயர். சோமாலியத் தாய் தகப்பனுக்கு இங்கே டென்மார்க்கில், ஒடென்சேயில் பிறந்த பிள்ளை. தலை முழுவதும் சின்னச் சின்ன முறுக்குகள். இரண்டிரண்டு புரியாக முறுக்கி விட்டிருந்தாள். காலையில் முழுகப் போகிறேன் என்றாள். சரிதான், இத்தனையையும் அவிழ்ப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டு, பெரிய பல் சீப்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கொண்டுபோனேன். பிள்ளை சிரித்தது. அவிழ்ப்பதில்லையாம். முறுக்கோடுதான் கழுவுவதாம்.

நான் கதவடியில் நின்று பார்த்தேன். கூர்மூக்குப் போத்தல் ஒன்றில் ஷாம்பூவைத் தண்ணீரோடு கலந்து குலுக்கினாள். முறுக்குகளுக்கு இடையில் தெரிகிற தோலில் மட்டும் அதைக் கோடு கோடாக விட்டாள். நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்தாள். பிறகு தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு முறுக்காக மேலிருந்து கீழே அமத்தி அமத்தி நுரையை இறக்கினாள். நான் நீட்டிய துவாயை வாங்கவில்லை; பழைய பருத்தி ரீசேட் இருந்தால் தரச் சொன்னாள். கடைசியாக உள்ளங்கையில் எதையோ உருக்கித் தடவினாள். தேங்காயெண்ணெய் வாசம் வந்தது.

ஏன் அம்மா இதிலேயே நிற்கிறீர்கள் என்று என் மகள் டெனிஷில் கேட்டாள். நான் குசினிக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டுகிறது. ஊரார் பிள்ளை முழுகுவதைப் பார்த்து ஒருத்தி அழுதாள் என்றால் வெளியில் என்ன சொல்வார்கள்? விசர் என்பார்கள். அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்த வித்தை முழுவதும் எனக்குத் தெரியும். போத்தல், விரல் நுனி, அமத்துவது, துவாய் கூடாது என்பது எல்லாமே. எஸ்பியர்க் நகரில் ஒரு மூன்றாம் மாடிக் குளியலறையில் என் அப்பா தானாகக் கண்டுபிடித்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இருக்கவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கொண்டுவந்த கள்ளப் பாஸ்போர்ட்டில் ஒரு தகப்பனும் ஒரு பெண்பிள்ளையும்தான் இருந்தார்கள். தாய் இல்லை. அப்பாவும் நானும் முன்னே போவது, அங்கே இருக்க அனுமதி கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிடுவது என்று முடிவு. அந்த நேரம் எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள், குடும்பங்களும் கொஞ்ச மாதத்தில் வந்து சேர்ந்தன. ஆகவே வழியனுப்பக் கொழும்புக்கு வந்த அம்மா பெரிதாகக் கலங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவே இருத்தி, தலையை இழுத்து, நேர்வகிடு எடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, மடித்துக் கறுப்பு ரிபனால் கட்டினாள். அம்மா பின்னினால் கண் இரண்டும் மேலே இழுபடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் ஒரு மயிர் வெளியே நிற்காது. நான் சும்மா இருந்தேனா? லொட்ஜே எழும்புகிற மாதிரிக் கத்தி அழுதேன்.

"அழாதை குஞ்சு. இந்தப் பின்னலை அம்மா வந்துதான் அவிழ்ப்பன். அதுக்குள்ளை ஆரும் தொட்டால் கையை முறிப்பன், என்ன?" என்று சொல்லி அம்மா சிரித்தாள்.

அழுகிற பிள்ளைக்குச் சொல்லும் பகிடி. நானோ அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

டென்மார்க்கில் அகதி முகாமுக்கு வந்த முதல் கிழமை, அப்பா எனக்கு முழுகவார்க்கலாம் என்று ரிபனில் கை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் அந்த மாடியில் இருந்த ஈரானியர், பலஸ்தீனர் எல்லாரும் ஓடி வந்துவிட்டார்கள். அப்பா வெட்கத்தில் செத்துப்போனார். "சரி, சரி, அவிழ்க்கேல்லை. பிறகு கொம்மா வந்து என்னோடைதான் சண்டை பிடிப்பா" என்றார். அன்றிலிருந்து பின்னலோடுதான் முழுக்கு.

முதல் தடவை ஷாம்பூவை அப்படியே பின்னலில் ஊற்றித் தேய்த்தார். அது உள்ளே போய் இருந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. காய்ந்ததும் சொறி, தூக்கத்திலும் சொறி. அடுத்த தடவை துவாயால் துடைக்க, துவாயின் பஞ்செல்லாம் மயிரில் சிக்கிக்கொண்டது. மனிதர் விடவில்லை. எஸ்பியர்க்கில் வீடு கிடைத்து, மீன் தொழிற்சாலையில் வேலையும் கிடைத்த பிறகு, வெறும் கெச்சப் போத்தலைக் கழுவி அதில் ஷாம்பூவைக் கரைத்தார். துவாய்க்குப் பதில் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து வைத்துக்கொண்டார். பின்னலின் உட்பக்கம் காயாவிட்டால் ஒருவித ஊத்தை மணம் வரும் என்று கண்டுபிடித்ததும், என்னை ஹீற்றருக்கு முதுகு காட்டி இருத்தி, இரண்டு பின்னலையும் அதன் மேல் எடுத்துப் போட்டுவிடுவார். பின்னலை விட்டு வெளியே கிளம்பிய மயிரை எண்ணெய் தொட்டுத் தொட்டு உள்ளே செருகுவார். வேலையால் வந்ததும் எலுமிச்சம்பழம் தேய்த்து மீன் மணம் போகக் கை கழுவாமல் என் தலையைத் தொடமாட்டார்.

"எரியுதே?"

"ஓம்."

"எங்கை?"

"எல்லா இடமும்."

"பொய் சொல்லாதை. எல்லா இடமும் எரியாது."

ஒவ்வொரு முறையும் இதே கதைதான். இப்போது யோசித்தால், பின்னலை அவிழ்க்காததற்கு என் பிடிவாதம் மட்டும் காரணமில்லை என்று படுகிறது. நான் தூங்கும்போது அவிழ்த்திருக்கலாமே? அந்தப் பின்னல் அம்மாவின் கை போட்டது. அதை விட்டுவிட அவருக்கும் மனம் வரவில்லை.

குளிர்காலம் வந்தது. லண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த தேங்காயெண்ணெயை அப்பா ஹீற்றரில் வைத்து உருக்கி, தாராளமாகப் பூசி என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். எஸ்பியர்க் காற்று உங்களுக்குத் தெரியுமோ? கடலில் இருந்து நேரே வந்து அறைகிற காற்று. வகுப்புக்குப் போய்ச் சேருவதற்குள் எண்ணெய் உறைந்து, பின்னல் முழுக்க வெள்ளை வெள்ளையாக மணிகள். பக்கத்தில் இருந்த பிள்ளை பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனது. ஆசிரியை பார்த்தார், பாடசாலைத் தாதியைக் கூப்பிட்டார். ஈர்! தமிழ்ப் பிள்ளையின் தலை நிறைய ஈர்!

அப்பாவைத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். ரப்பர் சப்பாத்தோடு வந்து நின்றார். இரண்டு பின்னலையும் அவிழ்த்து மருந்து வைத்துப் பேன்சீப்பால் வார வேண்டும் என்றார் தாதி. அப்பா தனக்குத் தெரிந்த கொஞ்ச டெனிஷில், இல்லை, இவளின் தாய் வருகிறாள், தாய்தான் அவிழ்ப்பாள் என்றார். எப்போது வருகிறார் என்று தாதி கேட்டார். கெதியில், கொஞ்ச நாளில் என்றார் அப்பா. நல்ல மனுஷி அந்தத் தாதி. ஒரு மணியைக் கிள்ளி எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். அது உருகிப் போனது. மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கதிரை திரும்பி வரவில்லை.

எள்ளெண்ணெய் உறையாதே என்று அப்பா பிறகு சீனக் கடையில் ஒரு போத்தல் வாங்கி வந்தார். அவர்களுடையது வறுத்த எள்ளில் எடுத்தது. ஒரு கிழமை முழுக்க என் தலை பொரியல் சட்டியாக மணந்தது.

அம்மாவோடு எப்போதாவது போனில் கதைப்போம். யாழ்ப்பாணப் பட்டணத்தில் போன் உள்ள கடை ஒன்றில் அவள் வந்து காத்து நிற்பாள். மூன்றாம் முறையோ நாலாம் முறையோ, தலை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அவிழ்க்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். 

"ஐயோ பிள்ளை, நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்! அப்பாட்டைச் சொல்லி அவிழ்த்துப் போடு. சடை பிடிச்சிடும், ராசாத்தி."

"மாட்டன். அவிழ்த்தால் நீங்கள் வரமாட்டியள்."

அம்மா அழுதது கேட்டது. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

ஏன் வரவில்லை என்றால், அம்மாவைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் அசையவில்லை. அப்பா வேலை முடிந்து வந்ததும் கதவுக்கு உள்ளே விழுந்து கிடக்கும் தபாலைப் புரட்டுவார். "இந்தக் கிழமை வந்திடும்" என்பார். குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பொறுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு வேலை செய்த மன்னார் ஆள் ஒருவரின் மனைவி, செல்வமணி அன்ரி, தேவாலயத்தால் வந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. "அண்ணை, எங்கடை ஆக்களின்ரை பைல் எல்லாத்தையும் ஒதுக்கி வைச்சிருக்கினமாம். அங்கை இந்தியன் ஆமி வந்து சமாதானம் வந்திட்டுதாம், இனிக் குடும்பங்கள் வரத் தேவையில்லையாம்" என்றா. அப்பா அதை நம்பவில்லை. இந்த நாட்டில் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அப்படிச் செய்யமாட்டார்கள் என்று அன்ரிக்கே பாடம் நடத்தினார். பாவம் மனிதர்.

அந்தச் சமாதானத்தில்தான் ஊரில், அம்மா இருந்த எங்கள் வீட்டின் மேல் ஷெல் விழுந்தது.

நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அப்பா குளியல்தொட்டியின் விளிம்பில் வேலையுடுப்போடு இருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதே இல்லை. பக்கத்தில் போனேன். இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்தார். கைகளில் மீன் மணம். கழுவாத கை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. 

பின்னேரம் செல்வமணி அன்ரி வந்தா. வந்தவ அழுதுகொண்டே என் ரிபனைப் பிடித்தா. செத்தவீட்டில் பெண்கள் தலையை விரித்துவிட்டு இருக்க வேண்டும், தாய்க்குப் பிள்ளை பின்னலோடு இருக்கக் கூடாது. எங்கள் முறையும் அதுதான், அவவின் முறையும் அதுதான். நான் அவவின் கையைக் கடித்தேன். "அம்மா வந்துதான்! அம்மா வந்துதான்!" என்று கத்தினேன். அன்ரி கையை உதறவில்லை. "கடி பிள்ளை, நல்லாக் கடி" என்றா.

"விடுங்கோ, நான் அவிழ்க்கிறன்" என்றார் அப்பா.

மேற்பகுதி சடை பிடித்துப் போயிருந்தது. எண்ணெயை விட்டு, ஊசியின் பின்பக்கத்தால் கிளப்பி, ஒரு மயிரும் அறாமல் அவர் அவிழ்த்து முடிக்க வெளியே இருட்டிவிட்டது. விம்மிக்கொண்டே அவிழ்த்தார். அப்படி ஓர் ஆண் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்த நாட்டுச் சரித்திரத்தில் இருக்கிறது. ஒதுக்கி வைத்த கோப்புகளைத் திரும்ப எடுத்தார்கள். விசாரணை வந்தது, தமிழர் வழக்கு என்று பெயர் வைத்தார்கள், கடைசியில் அரசாங்கமே விழுந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். அப்பா செய்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரிவியை நிற்பாட்டினார். "எனக்கு இதிலை என்ன கிடக்கு?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார். எனக்கும் இன்றுவரை அதில் ஒன்றும் இல்லை. நீதி கிடைத்தது என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வருகிறது.

நான் சொல்ல வந்தது அது இல்லை, தலைமயிரைப் பற்றி.

அவிழ்த்த பிறகு என் மயிர் நேராக விழவில்லை. அத்தனை மாதம் பின்னலில் கிடந்ததால் தோளிலிருந்து நுனிவரை நெளி நெளியாக நின்றது. நான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று ஒவ்வொரு நெளியாகத் தொட்டுப் பார்த்தேன். அம்மா ஒரு புரியை எடுத்து மற்றப் புரியின் மேல் போட்ட இடம் இது, அடுத்தது இது, அதற்கடுத்தது இது. அப்பாவும் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

சாவீட்டுத் தீட்டுத் துடக்குக் கழியப் பிள்ளைக்குத் தலை முழுகவார்க்க வேண்டும் என்று செல்வமணி அன்ரி அன்றைக்கே சொன்னா. நாளைக்கு என்றார் அப்பா. மறுநாளும் நாளைக்கு என்றார். தலைக்கு வைத்த எண்ணெய் கழுத்தில் வடிந்து, படுக்கை விரிப்பெல்லாம் பழுதாகியும் நாளைக்கு என்றார். பிறகு ஒரு நாள் எனக்குச் சொறி தாங்க முடியாமல் போக, என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியில் இருத்தினார். இந்த முறை கெச்சப் போத்தல் தேவைப்படவில்லை. குழாயைத் திறந்து, சூடு பார்த்து, கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார்.

"அப்பா, தண்ணி பட்டால் நெளி போயிடுமே?"

"ஓம் குஞ்சு. போயிடும்."

"கொஞ்சமும் இராதே?"

அவர் தண்ணீரை வார்த்தார். ஹீற்றரடியில் குந்தியிருந்து மயிரைக் காயவிட்டேன். காய்ந்ததும் கையால் தடவிப் பார்த்தேன், நுனிவரை நேராக இருந்தது.