அடுத்த ஸ்டாப் வரைக்கும்

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் போன் செய்தீர்கள். முழங்கால் ஆபரேஷன். இப்போது வாக்கரும் கையுமாக இருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். தெருமுனை பேக்கரிக்கு என் காலால் நடந்துபோய் நின்றபடி ஒரு டீ. கோயமுத்தூர்க்காரனுக்கு இதைவிடப் பெரிய லட்சியம் என்ன இருக்க முடியும்? எங்கள் சிங்காநல்லூர் வீட்டிலிருந்து ஆறு கரண்ட் கம்ப தூரம். நடக்க ஆரம்பித்த அன்று காலை கேட்டில் நின்று பார்த்தால் ஆறு மைல் மாதிரி இருந்தது.

"ஏனுங்க, பேக்கரியப் பாக்காதீங்க. மொதக் கம்பம் வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றாள் என் மனைவி சாந்தாமணி.

"நீயும் கூட வாயேன்."

"நான் வந்தா எம்மேல சாஞ்சுக்குவீங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

சொன்னபடியே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. முதல் கம்பத்தைத் தொட்டபோதுதான் உறைத்தது — இந்த வைத்தியம் எங்கள் வீட்டுக்குப் புதிதல்லவே!

பதினைந்து வருடம் இருக்கும். கிணத்துக்கடவில் என் மாமனார் தனியாக இருந்தார். மச்சினன் வெளிநாட்டில். மாமனாரை மாதம் இரண்டு முறை கோவையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். பஸ் படி ஏற முடியாது. வாடகைக் கார் என்றால், "மக ஊட்ல கார் இருக்கறப்ப அது எதுக்குங்க?" என்பார். கார் இருந்தது. ஓட்டுகிறவன் நான். எனக்கோ ஆபீஸ்.

ஒருமுறை லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரித் தேதி தவறிப்போனது. மாமனார் நான்கு நாள் மூச்சு வாங்கக் கிடந்தார். சாந்தாமணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நானே ஓட்டிப் பழகிக்கறேனுங்க" என்றாள். அவ்வளவுதான்.

லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் பொள்ளாச்சி ரோடு? தேங்காய் லாரி ஒன்று ஹாரன் அடித்தால் ஸ்டியரிங்கை விட்டுவிடுவாள். பக்கத்து சீட்டில் நான் வேறு — கத்தல், கூடவே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சுந்தராபுரத்தில் வண்டியை ஓரங்கட்டினாள்.

"நீங்க எறங்கிக்கோங்க. அடுத்த ஸ்டாப் வரைக்கும் போய்ட்டு வாரேன்."

இறங்கினேன். ஈச்சனாரி வரை போய்த் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. அடுத்த வாரம் என்னை ஈச்சனாரியில் இறக்கிவிட்டு மலுமிச்சம்பட்டி வரை. இப்படி வாரம் ஒரு ஸ்டாப். பஸ் ஏறாமல் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கும் ஆளை ஊர் சும்மா விடுமா? "ஏனுங்க, பொள்ளாச்சி வண்டி அப்பவே போயிருச்சுங்களே!" என்று ஆளாளுக்கு என்மேல் பரிதாபப்பட்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிறு மலுமிச்சம்பட்டியில் என்னை விட்டுவிட்டுப் போனவள்... வரவில்லை. பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டியவள். அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. என் செல்போனோ காருக்குள்ளேயே. வந்த ஒவ்வொரு லாரியையும் முறைத்துப் பார்த்தேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. சாமியெல்லாம் கும்பிட்டேன், சொல்ல வெட்கமென்ன?

ஒன்றரை மணி கழித்து எங்கள் கார் வந்து நின்றது. முன் சீட்டில் என் மாமனார், மடித்து வைத்த வேட்டி துண்டோடு!

"திரும்பற எடத்த விட்டுப்போட்டேனுங்க. அடுத்ததுல ஒரே லாரி. சரி, இன்னும் ஒரு ஸ்டாப், இன்னும் ஒரு ஸ்டாப்னு போனா... கிணத்துக்கடவு வந்துருச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிதான, கையோட கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் சாந்தாமணி.

நான் ஸ்டியரிங் பக்கம் போனேன். மாமனார் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ள, நீங்க பின்னால உக்காருங்க. எம்புள்ள ஓட்டும்."

அதன்பின் நான்கு வருடம், அவர் போகும்வரை, ஒரு தேதிகூடத் தவறவில்லை. அந்தக் கார் இன்று இல்லை. நான் காவல் காத்த பஸ் ஸ்டாப் நிழல்மரங்களும் ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக இப்போதும் மனசு ஏங்குகிறது. கிணத்துக்கடவு வரை ஓட்டு என்று முதல் நாளே சொல்லியிருந்தால் சாந்தாமணி சாவியையே தொட்டிருக்க மாட்டாள். நாம் தோற்பது பாதி நேரம் தூரத்தைப் பார்த்துத்தானே?

நேற்று நான்காவது கம்பம். பேக்கரிக்காரர் அங்கிருந்தே கையை ஆட்டினார். இன்னும் இரண்டுதான்.

ஜம்பமாகத் திரும்பி வந்தேன். நாற்காலியில் சாந்தாமணி, எதுவும் நடக்காதது போல. குனிந்து பார்த்தேன். அவளுடைய வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பிரேக் எனக்குத் தெரியாதா என்ன!