நடுவில் வரும் சண்டை

தொழில்முறை மல்யுத்தத்தில் கடைசியாக வரும் பெரிய சண்டையை நான் பார்ப்பதில்லை. பட்டத்து பெல்ட், வாணவேடிக்கை எல்லாம் அதற்குத்தான். நான் பார்ப்பது நடுவில் வருகிறவற்றை. ரசிகர்கள் அதை மிட்கார்டு என்பார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ போட எழுந்து போவார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகும் காலை பஸ்ஸில், போனில் பார்ப்பேன். ஒரு நாள் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அவன நம்பாதீங்க டீச்சர். திரும்புனதும் அடிப்பான்.”

என் கழுத்தில் விசில் தொங்கியதைப் பார்த்திருப்பார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். பதினாறு வருஷம் துபாயில் இருந்தவர். அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஒரே அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து மல்யுத்தம் பார்ப்பார்களாம். இப்போது அரியலூரில் மச்சானுடைய மூக்குக்கண்ணாடிக் கடையைக் கவனித்துக்கொள்கிறார். அன்றிலிருந்து நான் அவருக்கு டீச்சர், அவர் எனக்கு பாய்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய கூட்டாளிகளின் பகை. மூத்தவருக்குத் தாடி நரைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக ஆடுகிறார், பட்டம் கிடைத்ததில்லை. சண்டைக்கு முன்னால் தன் கோட்டைக் கழற்றி, மடித்து, மூலையில் வைப்பார். ஒரு வாரம் இளையவன் அந்தக் கோட்டில் பூட்ஸைத் துடைத்தான். அவ்வளவுதான் காரணம். நாலு மாதம் அடித்துக்கொண்டார்கள்.

“பெல்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு கோட்டுக்கு எதுக்குங்க இவ்வளவு?” என்றார் பாய். அவர் இளையவன் கட்சி.

“உங்க சட்டையில ஒருத்தன் செருப்பத் துடைச்சா சும்மா இருப்பீங்களா?”

“அதெல்லாம் எழுதி வச்சு நடிக்கிறது டீச்சர்.”

“தெரியும் பாய். ஆனா அந்தாளு கோட்டை எடுத்து உதறுனாரே, அதப் பாத்தீங்களா? அவருக்கு அது பெருசு. அதனால எனக்கும் பெருசு.”

அந்தப் பகை முடிந்தது ஒரு வியாழக்கிழமை காலை, பஸ்ஸில். மூத்தவர் தோற்றார். ஏமாற்றியெல்லாம் இல்லை, நேராகவே தோற்றார். ஆனால் நடுவர் மூன்று எண்ணுவதற்குள் தரையில் அழுந்திய தோளைத் தூக்கிவிட முடியுமா என்று கடைசி நொடிவரை முயன்றார். போனை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. பாய் ஜெயித்துவிட்டேன் என்று கொண்டாடவில்லை. “கடைசியில நானும் பெரியவரத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மனநிலையில்தான் பள்ளிக்குள் நுழைந்தேன். கணக்கு சார் வராந்தாவில் நின்றிருந்தார்.

“மிஸ், ஒன்பதாவது பொண்ணுங்களோட இன்னிக்கு பி.டி. பீரியட் எனக்கு வேணும். போர்ஷன் முடியல.”

ஆறு வருஷமாக அவர் கேட்பார், நான் கொடுப்பேன். பதிவேட்டில் விளையாட்டு, வகுப்பில் கணக்கு. அந்தப் பெண்கள் கபடி மைதானத்தை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

“இல்ல சார். தர முடியாது.”

அவர் சிரித்தார். “ஒரு பீரியட்தானே மிஸ். வெயில்ல ஓடி என்ன செய்யப் போகுதுங்க?”

“ஒரு பீரியட்தான் சார். அதனாலதான் தர மாட்டேன்.”

விஷயம் தலைமை ஆசிரியை அறைக்குப் போனது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பரீட்சை நேரத்துல இதெல்லாம் ஒரு பிரச்சனையா?”

“வாரத்துல எனக்கு அந்தக் கிளாஸ் ஒரு தடவைதாங்க மேடம். அதையும் ஆறு வருஷமா விட்டுக்கொடுத்துட்டேன். எனக்கு இதுதாங்க பிரச்சனை.”

நாற்காலியை விட்டு நான் எழவில்லை. மேடம் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தார். பிறகு, “வியாழக்கிழமை அவங்களோடது சார். விட்டுருங்க” என்றார்.

அன்று மதியம் முப்பத்தொரு பெண்கள் மைதானத்துக்கு வந்தார்கள். பாதிப் பேருக்குக் கபடிக் கோடு எது என்றே தெரியவில்லை. ஒருத்தி மூச்சுப் பிடிக்கத் தெரியாமல் சிரித்துச் சிரித்தே அவுட் ஆனாள். ஆசிரியர் அறையில் எனக்கு ‘ரெஸ்லிங் மிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். கணக்கு சார் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு நடந்த வட்டார அளவிலான கபடிப் போட்டியில் அந்தப் பெண்களின் அணி இரண்டாம் சுற்றிலேயே தோற்றது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று பலர் சொன்னார்கள். முதல் சுற்றை ஜெயித்தோம் என்று நான் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் கணக்கு சார் மறுபடி வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சாப்பாட்டு இடைவேளை முழுக்க, தன் பாடத்துக்கு ஏன் நேரம் வேண்டும் என்று காரணம் காரணமாக எடுத்துச் சொன்னார். நானும் விடவில்லை. இரண்டு டிபன் பாக்ஸும் திறக்காமலே கிடந்தன. ஆறு வருஷத்தில் முதல் முறையாக, என் பீரியட் ஒருவர் உட்கார்ந்து வாதாடிக் கேட்கிற பொருளாகியிருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.