வெயில் எடுத்த மஞ்சள்

அம்சம் அக்காவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. வயல் வேலையில் பிழைத்த ஒருத்திக்கு இப்படி ஓர் உடம்பு வாய்த்தது ஊரில் யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. பங்குனி பிறந்ததும் அவள் முன்கைகளில் செந்தடிப்பு எழும். கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு நிறையும். கன்னத்து மங்கு பழுப்பிலிருந்து கருப்புக்குப் போகும். ஐப்பசி மழையில் எல்லாம் தானாக அடங்கி, மறு பங்குனியில் திரும்பி வரும்.

கையெட்டும் தூரத்தில் இருந்ததை வைத்துத்தான் அவள் உடம்பைப் பார்த்துக்கொண்டாள். நுங்கு சீவினால் அந்த நீர் வேர்க்குருவுக்குப் போகும். சோப்புக்குப் பதில் பயத்தம் மாவு. உளுந்து பிடுங்கப் போகும்போது, வீட்டுக்காரர் இராஜாங்கம் அத்தானின் முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டுவாள். பூதலூர்ப் பக்கம் எல்லாப் பெண்களும் அப்படித்தான் வயலில் இறங்குவார்கள். மற்றவர்கள் புழுக்கம் தாங்காமல் கொஞ்ச நேரத்தில் கையை மடித்துவிடுவார்கள். அக்கா மணிக்கட்டுப் பொத்தானைக் கடைசிவரை அவிழ்க்கமாட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வர மிகவும் தாமதமாகி, குறுவை நடவே இல்லாமல் போயிற்று. அதே சமயத்தில் லாரியில் மூட்டை ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு அத்தான் படுத்துவிட்டார். மகன் சேரன் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். மறு வருஷம் பங்குனிக் கடைசியில், அதிராம்பட்டினத்திலிருந்து மூஸா பாய் வந்தார். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறவர். குவைத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் கேட்டிருந்தார்கள்.

"சமையல் தெரியும்ல தங்கச்சி?"

"நடவாளுங்க அத்தன பேருக்கும் ஆக்கிப் போட்டிருக்கேன் பாய்."

"அது போதும். திருச்சில மெடிக்கல் இருக்கு. நெஞ்சுல படம் எடுப்பாங்க, ரத்தம் எடுப்பாங்க. ஆனா மொதல்ல தோலத்தான் பாப்பாங்க. இந்தத் தடிப்போட போனா வாசல்லயே திருப்பிடுவாங்க. என்ன நோயோன்னு அவங்களுக்குப் பயம்."

"மழ பெய்ஞ்சா போயிடும் பாய்."

"விசா மழைக்கெல்லாம் காத்திருக்காதும்மா. சித்திரைக்குள்ள முடிக்கணும். இல்லன்னா வேற ஆளக் குடுத்துடுவேன். எனக்கும் வேற வழியில்ல."

சித்திரையில் அவள் தோல் தேறியதாகச் சரித்திரமே இல்லை. வேலைக்குப் போகாமல் வீட்டு நிழலில் உட்காரவும் முடியாது. அப்போது கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தேன். என் காக்கிக் காலுறைகளைக் கேட்டு வாங்கி, விரல் பக்கத்தை வெட்டிவிட்டு, சட்டைக்கு அடியில் முழங்கைவரை இழுத்து மாட்டிக்கொண்டாள். வயல் வேலைக்கு ஆள் கட்டி அழைத்துப் போகிற வள்ளியம்மை அக்கா வரப்பிலேயே நின்று சிரித்துவிட்டாள்.

"என்னடி, கால்ல போடுறத கையில போட்டிருக்க?"

"காலு எப்பவோ கெட்டுப்போச்சுக்கா. கையாவது மிஞ்சட்டும்."

"குவைத்துக்காரன் கையப் புடிச்சுப் பாப்பானாக்கும்?"

"பாக்கறது திருச்சி டாக்டரு. ஆசையா இருந்தா நீயும் வா."

கேலி ஒரு வாரத்தில் ஓய்ந்தது. அக்கா விடியுமுன் வயலில் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறினாள். அரைக்கூலிதான் கிடைத்தது. வீட்டில் முகத்துக்குத் தயிரும் பயத்தம் மாவும், கைகளுக்கு ஈரத்துணி. சித்திரை பாதி போவதற்குள் தடிப்பு அமுங்கியது. மங்கு மட்டும் லேசான நிழலாக நின்றது. அவளே நம்பாமல், கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திருச்சிக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வள்ளியம்மை அக்கா விரலி மஞ்சளை இழைத்து எடுத்து வந்தாள்.

"வெறும் மூஞ்சியோட போவாத. நல்ல காரியத்துக்குப் போற. பூசிக்க."

கஸ்தூரி மஞ்சளாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இது குழம்புக்குப் போடுகிற மஞ்சள். தோல் வறளக்கூடாது என்று நல்லெண்ணெயில் குழைத்து, முகம், கை, உள்ளங்கை, பாதம் என்று ஓர் இடம் விடாமல் இருவரும் தேய்த்தார்கள். காலையில் பயத்தம் மாவு போட்டுக் குளித்தும் அது போகவில்லை. எங்கள் கண்ணுக்கு அது பழகிய நிறம். அக்கா அழகாக இருப்பதாகவே எனக்குப் பட்டது.

துணைக்கு நானும் போனேன். திருச்சி ஜங்ஷனில் மூஸா பாய் காத்திருந்து அழைத்துப் போனார். பரிசோதனைக்கூடத்தில் டாக்டர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். அப்புறம் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"காமாலை எப்பலேர்ந்து?"

"காமாலை இல்லைங்க. மஞ்ச பூசினதுங்க."

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. ரத்தம் எடுத்தாச்சுல்ல, அது சொல்லும். ஆனா தோல் நிறமே தெரியாம நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? கழுவிட்டு வாங்க. மூணு மணிக்குப் பார்க்கறேன். இல்லன்னா அடுத்த மாசம்தான்."

அடுத்த மாசம் என்றால் குவைத்து இல்லை. அங்கிருந்த ஆயா ஒரு சோப்பைக் கொடுத்தாள். பதற்றத்தில் அக்கா அதை வாங்கிக் கையில் தேய்த்தாள். மஞ்சள்மேல் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எவளுக்கும் தெரியும். அன்று அவளுக்கும் எனக்கும் நினைவு வரவில்லை. கை முழுக்க செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாக எழுந்தது. தண்ணீரை ஊற்ற ஊற்றச் சிவப்பு இறங்கி, பழைய மஞ்சள் அப்படியே நின்றது.

அக்கா குழாயை மூடினாள்.

"வாணி, மஞ்சக் கற பட்ட துணிய என்ன பண்ணுவோம்?"

"வெயில்ல போடுவோம்."

அவள் வெளியே போய், வண்டி நிறுத்துகிற இடத்துச் சிமெண்டுக் கட்டையில், நிழலே இல்லாத பக்கமாக உட்கார்ந்தாள். ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்தாள். முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். உச்சி வேளை. மூஸா பாய் ஓடிப்போய்க் குடை பிடித்தார்.

"கொடைய எடுங்க பாய்."

"மயக்கம் போட்டு விழுந்தா நான் என்னம்மா பதில் சொல்றது?"

"விழமாட்டேன். நீங்க நெழல்ல போயி நில்லுங்க. கறுத்துடப் போறீங்க."

அவர் சிரித்துவிட்டு மரத்தடிக்குப் போனார். போகிறவர்கள் வருகிறவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நடுவில் நான் இரண்டு முறை தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஒருமுறை கையைப் புரட்டி மறுபுறத்தைக் காட்டினாள், அப்பளம் திருப்புவது போல. வெயிலில் மஞ்சள் முதலில் வெளிறியது. அப்புறம் எலுமிச்சைத் தோல் நிறம். அதன் பின்னே மெல்ல அவளுடைய சொந்த நிறம் தெரிந்தது.

மூன்று மணிக்கு டாக்டர் மறுபடி பார்த்தார். ரத்தத்தில் காமாலை இல்லை.

"எப்படிப் போச்சு?"

"வெயில் எடுத்துக்கிச்சுங்க."

"மூஞ்சி கருகியிருக்கே. இனிமே வெயில்ல போகாதீங்க."

"சரிங்க" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாளே தடிப்பு எழுந்துவிட்டது, எந்தக் கோடையிலும் இல்லாத அளவுக்கு. அதோடுதான் விமானம் ஏறினாள், அத்தானின் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு.

குவைத்தில் அவள் இருந்தது ஏசி வீடு. மாடியில் துணி காயப்போடுகிற நேரம் தவிர வெயில் அவள்மேல் படவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம், நிறம் கூடிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். காய்ந்த தோலுக்கு அங்கே ஒரு க்ரீம் தருகிறார்கள் என்று ஒருமுறை சொன்னாள், மழைதான் கிடையாது என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சம்பளத்தில் சேரன் படித்தான். அவன் ஓசூரில் வேலையில் சேர்ந்தபிறகு அவள் திரும்பி வந்துவிட்டாள். வயலுக்கு மறுபடி போகவில்லை. பங்குனியில் மட்டும் பழக்கத்தில் முழுக்கைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

இந்தப் பங்குனியில் அவளுக்கு மாரடைப்பு வந்தது. தஞ்சாவூர் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அத்தான் இருக்கிறார் என்பதால், குளிப்பாட்டும்போது மஞ்சள் பூச வேண்டும் என்றார்கள். வள்ளியம்மை அக்காவால் இப்போது நிற்க முடிவதில்லை. உட்கார்ந்தபடியே அவள் முகத்துக்குப் பூச, நான் கைகளுக்குப் பூசினேன். தடிப்பு அப்போதுதான் எழத் தொடங்கியிருந்தது.

வாசலில் வெயில் இறங்காதபடி பந்தல் வேய்ந்திருந்தார்கள். சேரன் ஓசூரிலிருந்து வந்து சேரும்வரை அங்கேதான் கிடத்தியிருந்தோம். மஞ்சள் வெளிறவில்லை.